ஊருக்குள் போகும் முன்: வேலூர் பக்கத்துக் கிராமங்களில் வேலை செய்யப்போகும் மாணவர்களுக்கு

நாட்டு நலப்பணித் திட்ட முகாம், உன்னத் பாரத் அபியான் என்ற மத்திய அரசுத் திட்டம், சமூகப்பணிப் படிப்பின் களப்பணி, கடைசி வருட ப்ராஜெக்ட் என்று ஏதாவது ஒரு பெயரில் ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் கிராமங்களுக்குப் போகிறார்கள். எங்கள் குழு அணைக்கட்டு ஒன்றியத்தில் ஒரு சின்ன ஊராட்சிக்குப் போனது. வேலையைவிட அலைச்சல்தான் அதிகம். கல்லூரியில் கேட்டால் "பஞ்சாயத்துல பேசிக்கோங்க" என்றார்கள். பஞ்சாயத்தில் கேட்டால் "பிடிஓ ஆபிஸ்ல லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார்கள். அங்கே போனால் "காலேஜ் லெட்டர் எங்கே?" என்றார்கள். இந்தச் சுற்றில் நீங்கள் மாட்டாமல் இருக்க, எங்களுக்குத் தெரியவந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்த ஊர் என்று முதலில் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

கேட்கச் சின்ன விஷயம். ஆனால் கடிதங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் இதில்தான். பழைய வேலூர் மாவட்டம் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகிவிட்டது. கல்லூரியில் கைமாறி வரும் பட்டியல்களில் ஆற்காட்டுப் பக்கத்து ஊர்கள் இன்னும் 'வேலூர் மாவட்டம்' என்றே இருக்கும். அதை நம்பி சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தால், ராணிப்பேட்டைக்குப் போகச் சொல்வார்கள். இப்போதைய வேலூர் மாவட்டத்தில் இருப்பவை 7 ஒன்றியங்கள்: வேலூர், அணைக்கட்டு, கணியம்பாடி, காட்பாடி, கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு.

அடுத்தது, நீங்கள் 'ஊர்' என்று சொல்வது ஊராட்சியா, அதற்குள் ஒரு குக்கிராமமா என்று பாருங்கள். ஓர் ஊராட்சிக்குள் பல குக்கிராமங்கள் இருக்கும். வருவாய்க் கிராமத்தின் பெயர் வேறாகவும் இருக்கலாம். கடிதத்தில் குக்கிராமம், ஊராட்சி, ஒன்றியம், வட்டம் நான்கையும் எழுதிவிடுங்கள்.

ஊரைத் தேர்ந்தெடுக்க உங்கள் கையில் இருந்தால் இரண்டு யோசனை. ஒன்று, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மாலையில்தான் மக்கள் வீட்டில் இருப்பார்கள். ஆறரை மணிக்குக் கடைசி டவுன் பஸ் என்றால் உங்கள் திட்டமே நடக்காது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், டவுன் பஸ் போகும் ஊராக இருந்தால் செலவு பாதியாகிவிடும்.

இரண்டு, கணியம்பாடி, கே.வி.குப்பம் ஒன்றியங்களில் சி.எம்.சி. மருத்துவமனையின் கிராம சுகாதாரப் பிரிவுகள் பல பத்தாண்டுகளாக வீடு வீடாகப் போய் வேலை செய்கின்றன. அந்த ஊர்களில் படிவத்தோடு போனால், "போன மாசம்தானே எழுதிக்கினு போனீங்க?" என்று கேட்பார்கள். கோபமாகக் கேட்க மாட்டார்கள், ஆனாலும் பதிலில் மனசு இருக்காது. சுகாதாரம் சம்பந்தப்பட்ட வேலை என்றால், காவனூரில் இருக்கும் சி.எம்.சி.யின் கிராமப் பணி மையமான ருஹ்சாவிலோ சி.எம்.சி.யின் சமுதாய மருத்துவத் துறையிலோ முதலில் பேசி, ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு போன்ற மலை ஊராட்சிகளை முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வனத்துறையிடமும் பேச வேண்டும், சிக்னல் கிடைக்காது, மழை பெய்தால் இறங்கி வருவது கஷ்டம். ஒரு வருடம் கீழே வேலை செய்து பழகிவிட்டுப் போங்கள்.

குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடியின் ஆந்திர எல்லைப் பக்கம் போவதானால் குழுவில் தெலுங்கு பேசுகிற ஒருவரும் உருது பேசுகிற ஒருவரும் இருந்தால் நல்லது. வயதானவர்கள் வீட்டுப் பேச்சு மொழியில்தான் மனம் விட்டுப் பேசுவார்கள்.

2. கடிதங்கள்: இந்த வரிசையில் வாங்குங்கள்

முதலில் கல்லூரி முதல்வரின் கடிதம். தலைப்புத்தாளில், தமிழில் இருக்க வேண்டும். மாணவர்களின் பெயர்ப் பட்டியல், பொறுப்பாசிரியரின் பெயரும் கைபேசி எண்ணும், வந்து போகும் தேதிகள், செய்யப்போகும் வேலை, "அரசிடமிருந்தோ ஊராட்சியிடமிருந்தோ நிதி கோரவில்லை" என்ற ஒரு வரி. அந்தக் கடைசி வரி இருந்தால் கோப்பு வேகமாக நகரும்.

அடுத்து ஒன்றிய அலுவலகம். அங்கே வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இரண்டு பேர்: ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, இன்னொருவர் கிராம ஊராட்சிகளுக்கு. உங்கள் கடிதம் 'வட்டார வளர்ச்சி அலுவலர், கிராம ஊராட்சி' என்று பெயரிட்டுப் போக வேண்டும். மாற்றிக் கொடுத்தால் ஒரே கட்டடத்தில் பக்கத்து மேசைக்குப் போகவே நாட்கள் ஆகும். திங்கட்கிழமை போகாதீர்கள். அன்று ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் கூட்டம். அதிகாரிகளைப் பிடிப்பது கஷ்டம்.

மூன்றாவது, ஊராட்சித் தலைவர். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில் தேர்தல் நடந்தது. பதவிக்காலம் 5 ஆண்டு. நீங்கள் போகும்போது தலைவர் பதவியில் இருக்கிறாரா, தனி அலுவலர் பொறுப்பில் இருக்கிறதா என்று ஊராட்சி செயலரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளியில் தங்குவதாக இருந்தால் தலைமையாசிரியரின் வாய்ச் சம்மதம் போதாது, கல்வித் துறையின் அனுமதியும் எழுத்தில் வேண்டும். இரவு தங்கினால் காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம். ஒவ்வொரு மாணவருக்கும் பெற்றோர் ஒப்புதல் கடிதம், அதில் ரத்த வகையும் அவசரத் தொடர்பு எண்ணும்.

எங்கே கடிதம் கொடுத்தாலும் இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் 'பெறப்பட்டது' என்று முத்திரை, தேதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். "லெட்டரா? எந்த லெட்டர்?" என்று ஒருநாள் கட்டாயம் யாராவது கேட்பார்கள். மொத்தத்தில் இதற்கெல்லாம் நகல் செலவும் பஸ் செலவும்தான். யாராவது 'செலவுக்கு' என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை, பொறுப்பாசிரியரைப் பேசச் சொல்லுங்கள். காலம்தான் பிடிக்கும். ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

3. காலனியிலும் போய் உட்காருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

பெரும்பாலான ஊர்களில் ஊர் ஒரு பக்கம், தலித் மக்கள் வாழும் காலனி ஒரு பக்கம். முதல் நாள் உங்களை அழைத்துப் போய்க் காட்டுபவர் தலைவரோ, தலைவரின் கணவரோ, ஊர்ப் பெரியவர் ஒருவரோ. அவர் காட்டும் தெருக்களைப் பார்த்துவிட்டு, கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு, "ஊர் மக்களின் தேவைகள்" என்று எழுதினால் அதில் பாதி ஊர் இல்லை. கோயில் மண்டபத்துக்குக் காலனி ஆட்கள் வர மாட்டார்கள், அல்லது வந்து வெளியே நிற்பார்கள். கூட்டத்தைப் பள்ளியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ நூலகத்திலோ அங்கன்வாடி வாசலிலோ போடுங்கள். ஒரு கூட்டம் ஊரில் என்றால் அடுத்தது காலனியில். எங்கே டீ கொடுத்தாலும் வாங்கிக் குடியுங்கள். யார் வீட்டில் குடித்தீர்கள், யார் வீட்டில் மறுத்தீர்கள் என்பது மறுநாள் காலைக்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

முகாம் சமையலை யார் செய்கிறார்கள் என்பதையும் முன்னாலேயே யோசியுங்கள். மகளிர் சுய உதவிக் குழு ஒன்றிடம் கொடுத்துவிடுவது நல்லது. குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிடம் கேட்டால் இரண்டு பக்கத்துப் பெண்களும் இருக்கும் ஏற்பாட்டைச் செய்து கொடுப்பார்கள்.

தலைவரைத் தவிர நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவர்கள்: ஊராட்சி செயலர், டேங்க் ஆபரேட்டர், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி அக்கா, நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர், தூய்மைக் காவலர்கள். இதில் டேங்க் ஆபரேட்டர் முக்கியம். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு, எந்தக் குழாய் எப்போது உடைந்தது, யார் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. எங்கள் குழுவின் முழுக் கணக்கெடுப்பும் சொல்லாததை அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றவாக்கிலேயே சொல்லிவிட்டார்.

அண்ணா, அக்கா, தாத்தா, ஆயா என்று கூப்பிடுங்கள். வயதில் பெரியவர்களைப் பெயர் சொல்லியோ ஒருமையிலோ பேச வேண்டாம். காலனியில் இருப்பவர்களிடம் ஊர்க்காரர்கள் ஒருமையில் பேசுவதைப் பார்த்து நீங்களும் அப்படியே பேசிவிடக் கூடாது.

4. எப்போது போவது

செமஸ்டர் அட்டவணையை வைத்துத் தேதி குறித்தால் ஊர் காலியாக இருக்கும். பகலில் நூறு நாள் வேலை நடக்கும் நாட்களில் பெண்கள் வீட்டில் இல்லை. இளம்பெண்கள் பலர் விடியற்காலையிலேயே ஷூ கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுவார்கள், இருட்டிய பிறகுதான் வருவார்கள். வீட்டில் இருப்பவர்கள் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. உங்களோடு பேசும் நேரம் அவர்களுக்குக் காசு. கையை நிறுத்தச் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். காலை எட்டு மணிக்கு முன், அல்லது மாலை ஆறுக்குப் பின், அல்லது ஞாயிறு. இதுதான் நேரம்.

மாதங்களைப் பொறுத்தவரை: பொங்கல் தொடங்கி மார்ச் வரை ஊர் ஊராக எருது விடும் விழா. உங்கள் ஊரில் என்றைக்கு என்று கேட்டு, அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாளை விட்டுவிடுங்கள். தெருவெல்லாம் தடுப்புக் கட்டியிருப்பார்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் பாரதக் கூத்து நடக்கும் ஊர் என்றால் இரவெல்லாம் விழிப்பு, பகலில் தூக்கம். முகாம் நடத்த முடியாது, ஆனால் ஒருநாள் இரவு போய் உட்கார்ந்து கூத்துப் பாருங்கள், ஊரோடு பழக்கம் தானாக வரும். ஆடியில் கூழ் ஊற்றும் வாரங்கள். ஏப்ரல், மே மாத வேலூர் வெயிலில் மண்வெட்டி பிடிக்கத் திட்டம் போடுபவரை நான் தடுக்கப்போவதில்லை. காலை பத்து மணிக்கு அவரே நிறுத்திவிடுவார்.

சுமாராக ஆகஸ்ட், செப்டம்பர் பேசிப் பழக. டிசம்பர் கடைசி அல்லது பிப்ரவரி வேலை செய்ய. அக்டோபர் 2 தேதியை மட்டும் மறந்துவிடாதீர்கள். அன்று தொடங்கித்தான் அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாராகும். உங்கள் கணக்கெடுப்பில் தெரிந்த தேவைகள் செப்டம்பருக்குள் ஊராட்சியின் கையில் இருந்தால் திட்டத்தில் ஏற வாய்ப்பு உண்டு. பெரும்பாலான மாணவர் அறிக்கைகள் ஏப்ரலில் ஸ்பைரல் பைண்டிங் ஆகிக் கல்லூரி அலமாரிக்குப் போகின்றன. அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

5. கணக்கெடுப்பு: குறைவாகக் கேளுங்கள்

உன்னத் பாரத் அபியானில் சேர்ந்த கல்லூரிகள் 5 கிராமங்களை எடுத்து, வீட்டுப் படிவம், கிராமப் படிவம் இரண்டையும் நிரப்ப வேண்டும். வீட்டுப் படிவம் நீளமானது. அதை ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் மாணவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கற்பனையில் நிரப்ப ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவருக்கு ஒரு மாலையில் நான்கைந்து வீடு, அதற்கு மேல் வேண்டாம்.

நீங்கள் படிவத்தோடு வாசலில் நின்றதுமே "உரிமைத் தொகைக்கா?" என்று கேட்பார்கள். மாதம் 1000 ரூபாய் கிடைக்காத பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு எந்தப் படிவமும் அந்தப் படிவமாகத்தான் தெரியும். முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: "நாங்க காலேஜ் பசங்க, இதுல பணமோ லோனோ எதுவும் வராது." சொல்லாமல் விட்டால், அடுத்த முறை போகும்போது "எங்கே என் பணம்?" என்று உங்களைத்தான் பிடிப்பார்கள்.

ஆதார் எண் கேட்காதீர்கள். ஓ.டி.பி. வருகிற எந்த வேலையும் செய்யாதீர்கள். குழந்தைகளைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீர்கள். சாதி, வருமானம், குடிப்பழக்கம் பற்றிய கேள்விகளைத் தெருவில் நின்று சத்தமாகக் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருப்பார்.

6. வேலையைத் தேர்ந்தெடுப்பது, அதற்கு முன் நிலம் யாருடையது என்று பார்ப்பது

மாணவர்கள் எல்லோரும் ஆசைப்படுவது ஏரி. ஏரியைத் தொடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், யாருடைய ஏரி என்று பாருங்கள். 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊராட்சித் தலைவர் சரி என்று சொல்லிவிட்டார் என்பதற்காக நீர்வளத் துறை ஏரியில் மண்வெட்டி வைக்க முடியாது. ஏரி மண்ணை வெளியே எடுக்கத் தனி அனுமதி. சீமைக் கருவேலம் வெட்டுவதும் அப்படித்தான்: வெட்டிய விறகுக்கு விலை உண்டு, அதற்கு ஏலம் உண்டு. நீங்கள் சேவை என்று வெட்டிப் போட்டதை யாரோ லாரியில் ஏற்றிக்கொண்டு போனால் கேள்வி உங்களை நோக்கி வரும்.

தமிழ்நாடு அரசின் இணைய நிலப்பதிவுத் தளத்தில் சர்வே எண் கொடுத்தால், நிலம் என்ன வகை, யார் பெயரில் என்று காட்டும் அ-பதிவேடும், எல்லை காட்டும் புல வரைபடமும் பார்க்கலாம். மரக்கன்று நடும் இடம், கழிவுநீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழி வெட்டும் இடம், எதுவானாலும் சர்வே எண்ணைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள். 'பொறம்போக்குதான் தம்பி' என்று எல்லோரும் சொல்லும் இடத்துக்குச் சில நேரம் பட்டா இருக்கும். மேய்க்கால் புறம்போக்கில் வேலி போட்டுச் செடி வைத்தால் ஆடு மேய்ப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயம் அவர்கள் பக்கம்தான். சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.

கணியம்பாடிப் பக்கம் நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் மீள்நிரப்புக் கிணறுகள் வெட்டி ஆற்றுப்படுகையில் நீரை இறக்கியது பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வருடக்கணக்கில், மண்ணையும் பாறையையும் ஆராய்ந்து, இடம் பார்த்து நடந்த வேலை. 7 நாள் முகாமில் அதைச் செய்ய முடியாது. 50 பேர் ஒரு வாரத்தில் உருப்படியாக முடிக்கக்கூடியவை: பொதுக் குழாயடியில் உறிஞ்சுகுழி, வரத்துக் கால்வாயில் ஒரு துண்டு சுத்தம், அங்கன்வாடிக்கு வெள்ளையடித்துப் படம் வரைதல், நூலகத்தைத் திறக்க வைத்து அடுக்கி முடித்தல், தெருவாரியாகக் குடிநீர்க் குழாய் வரைபடம். இலவம்பாடி முள்ளுக் கத்தரி போடும் ஊர்களில் சந்தைக்கான கணக்கு வழக்கில் உதவலாம். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த காய் அது. ஆனால் மார்க்கெட்டில் எந்த முள்ளுக் கத்தரியும் அந்தப் பெயரிலேயே விற்கிறது.

இங்கே ஒரு பொறி. உறிஞ்சுகுழி, மரக்கன்று எல்லாம் நூறு நாள் வேலையிலும் வரும் பணிகள். நீங்கள் வெட்டப்போகும் குழி ஏற்கெனவே அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஊராட்சி செயலரிடம் எழுத்தில் கேளுங்கள். வேலை முடிந்ததும் தேதி, கல்லூரிப் பெயரோடு சின்னப் பலகை வைத்து, இடக்குறி (ஜியோ டேக்) பதியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே குழிக்கு இரண்டு கணக்கு எழுதப்பட்டால், மக்கள் முன் கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையில் உங்கள் பெயரும் இழுபடும்.

7. கிராம சபை

ஊர் வாக்காளர்கள் எல்லோரும் கூடும் கிராம சபை தமிழ்நாட்டில் வருடத்துக்கு 6 நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் வேலை கிராம சபைத் தீர்மானமாக ஏறினால் தலைவர் மாறினாலும் அதிகாரி மாறினாலும் நிற்கும்.

கூட்டப் பொருள் பட்டியல் பெரும்பாலும் மேலிருந்து வந்துவிடும். உங்கள் விஷயம் 'இதர பொருட்கள்' என்பதில்தான் வரும். அதனால் இரண்டு வாரம் முன்பே தலைவருக்குக் கடிதம் கொடுங்கள், தீர்மான வாசகத்தை நீங்களே நான்கு வரியில் எழுதிக் கொடுங்கள். உள்ளூர் வாக்காளர் அல்லாதவர் ஓட்டுப் போட முடியாது, ஆகவே பேச வேண்டியவர் ஊர்க்காரர் ஒருவர். சுய உதவிக் குழு அக்காக்களில் யாராவது பேசினால் எடுபடும். குறைவெண் உண்டு, அதாவது குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும்: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். கூட்டம் முடிந்த வாரத்திலேயே தீர்மான நகல் கேளுங்கள். தள்ளிப்போட்டால் பதிவேடு 'ஒன்றியத்துக்குப் போயிருக்கும்'.

8. பணம்

கல்லூரி வழியாக வரும் நிதி முகாம் முடிந்த பிறகுதான் பெரும்பாலும் கைக்கு வரும். யார் முன்பணம் போடுவது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்; பொறுப்பாசிரியர் சொந்தக் காசைப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பது நிறையக் கல்லூரிகளில் நடக்கிறது.

கணக்குப் பிரிவு ஜி.எஸ்.டி. பில் கேட்கும். ஊர் மேஸ்திரியிடமும் டிராக்டர்காரரிடமும் அது இருக்காது. அச்சடித்த ரசீதுச் சீட்டில் பெயர், வேலை, தொகை, கைபேசி எண், கையெழுத்து வாங்குங்கள். 5000 ரூபாய்க்கு மேல் என்றால் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி அதன் மேல் கையெழுத்து. சமையல் பணத்தை மகளிர் குழுவின் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். ஊர் மக்களிடம் வசூல் செய்யவே கூடாது, கட்சிக்காரர் தரும் டி-ஷர்ட்டும் வேண்டாம்.

கொஞ்சம் பெரிய கட்டுமானம் என்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்களோ நிறுவனமோ நன்கொடையாளரோ தர வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் கேளுங்கள். இது ஒரு செமஸ்டரில் முடியாது. உங்கள் ஜூனியர்கள் திறப்பு விழாவுக்குப் போவார்கள்.

9. ஒப்படைத்துவிட்டு வருவது

எதைக் கட்டினாலும், எதை வாங்கி வைத்தாலும் மூன்று கேள்விக்குப் பதில் எழுதி வாங்குங்கள்: சாவி யாரிடம், கரண்ட் பில் யார் கட்டுவது, ரிப்பேர் என்றால் யாரைக் கூப்பிடுவது. இந்தப் பதில் இல்லாததால் பூட்டிக் கிடக்கும் சுத்திகரிப்பு இயந்திரங்களும், பேட்டரி போன சோலார் விளக்குகளும் நம் பக்கத்து ஊர்களில் எத்தனையோ. ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். உறிஞ்சுகுழியில் சேறு அடைத்தால் தூய்மைக் காவலர்தான் அள்ள வேண்டியிருக்கும். எனவே எந்த இடத்தில் வெட்டுவது என்று முடிவெடுக்கும்போதே அவர்களைக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு கோப்பு. அதில் கடிதங்களின் முத்திரை நகல்கள், தீர்மான நகல், சர்வே எண்கள், ரசீதுகள், ஊரில் பேச வேண்டியவர்களின் எண்கள், இரண்டு பக்கத்தில் தமிழில் அறிக்கை. ஒன்று ஊராட்சி செயலரிடம், ஒன்று துறை அலமாரியில். ஸ்கேன் செய்த பிரதியை உங்கள் கல்லூரி மின்னஞ்சலில் வைக்காதீர்கள், படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள். துறையின் பொதுக் கணக்கில் போட்டு, அடுத்த பேட்ச்சில் குறைந்தது இரண்டு பேருக்கு அதைத் திறக்கும் வழியைக் காட்டிவிட்டு வாருங்கள்.